சென்னகேசவன் நேரில் வரவும்

சென்னகேசவன் இறந்து நூற்றுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்தச் செய்தி அவருடைய மொபெட்டுக்கு இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. தெரிவிக்கிற பொறுப்பு மறைந்தோர் வாகனப் பிரிவினுடையது. அந்தப் பிரிவு எதையும் அவசரப்பட்டுத் தெரிவிக்காது.

திருச்சுழி போகிற சாலையில், முன்பு பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தில் பிரிவு நடந்தது. வாசலில் பச்சைப் பலகை. "உங்கள் துயரத்தில் பங்கேற்கிறோம். இனி நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. செருப்பை வெளியே விடவும்." உள்ளே மூன்று கவுண்டர், ஒரு மைக், நாற்பது நாற்காலி. நாற்பதிலும் வாரிசுகள். முதல் வரிசையில் இருந்த இரண்டு பேர், வாரிசாக வந்து காத்திருந்தவர்களின் வாரிசுகள்.

சென்னகேசவனின் மகள் தேவிபிரியா, பாளையம்பட்டி நெசவு வீட்டுப் பெண். வேதியியல் படித்தவள். நான்கு பேர் நடுவில் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். அரசு அலுவலகம் என்றால் எல்லாம் எழுத்துதானே, வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நம்பித்தான், "வண்டி விஷயத்தை நானே பாத்துக்கறேம்மா" என்று சொல்லியிருந்தாள்.

வீட்டில் ஒரு தறி. அப்பா இருந்தவரை டவுனுக்குப் போய் நூல் எடுப்பது, சாயப்பட்டறையில் கொடுத்து வாங்குவது, நெய்த சேலையைக் கடையில் சேர்ப்பது எல்லாம் அந்த மொபெட்தான். இப்போது வண்டி செத்தவர் பெயரில் நின்றது. இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது, செத்தவர் பெயரில் புதுப்பிக்க மாட்டார்கள். அம்மா நாகமணி ஈர நூல் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்பாள். சிவப்புச் சாயம் என்றால் கண்டக்டர் ஏற்ற மாட்டார். வாரத்தில் மூன்று நாள் தறி நூலில்லாமல் சும்மா கிடந்தது. இதற்கெல்லாம் மேலே பிரிவின் விதி ஒன்று இருந்தது. இறந்து நூற்றைம்பது நாளுக்குள் பெயர் மாறாத இரண்டு சக்கர வண்டி 'உரிமையாளர் அற்ற வாகனம்'. அதை உடைத்து இரும்பாக்கிவிடுவார்கள்.

முதல் கவுண்டரைத் தாண்டவே அவளுக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது. படிவத்தின் கீழே 'மாற்றிக் கொடுப்பவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம்.

"இங்க ஓனர் கையெழுத்து இல்லையே."

"அவுக இறந்துட்டாக சார்."

"சரி. வர முடியாததுக்கு ஒரு லெட்டர் வைங்க."

எழுதிக் கொடுத்தாள். 'என் தந்தை இறந்துவிட்ட காரணத்தால் நேரில் வர இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' எட்டு நாள் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மை: 'எப்போது வர இயலும் எனக் குறிப்பிடப்படவில்லை.' அவள் யோசித்து, 'இனி இயலாது' என்று எழுதிச் சேர்த்தாள். அது ஏற்கப்பட்டது. விண்ணப்பதாரரின் தொனி சற்றுக் கடுமை என்று கோப்பில் ஒரு குறிப்பும் ஏறியது.

இரண்டாவது கவுண்டரில் ஆய்வாளர் காளீஸ்வரன். வண்டியை நேரில் கொண்டுவரச் சொன்னார்.

"ஓட்டிட்டு வரலாமா சார்?"

"செத்தவர் வண்டியை ரோட்டுல ஓட்டுறது குத்தம்மா."

"அப்ப உருட்டிட்டு வாரேன்."

"உருட்டுனாலும் சக்கரம் சுத்தும்ல? சுத்தாமக் கொண்டாங்க."

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அம்மாவும் அவளும் வந்தார்கள். காளீஸ்வரன் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பின்சீட்டுக்கு மேலே கட்டில் கால் மாதிரி நீண்டிருந்த இரும்புச் சட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

"இது என்னது?"

"நூல் மூட்டை கட்டுறதுக்கு, சார். அப்பா வெல்டிங் வச்சாக."

"ஆர்.சி.யில இது இல்லையே. ஆர்.சி.யில எழுதியிருக்கறதுதாம்மா வண்டி. கண்ணுல தெரியறது எல்லாம் வண்டி ஆயிருமா?"

பக்கத்துப் பட்டறையில் சட்டத்தை அறுத்து எடுத்தார்கள். இரண்டு நிமிட வேலை. கல்லூரி படித்த மூன்று வருடமும் அந்தச் சட்டம் தானாகக் கழன்று எங்காவது விழுந்துவிடாதா என்று தேவிபிரியா வேண்டியிருக்கிறாள். இப்போது பொறி பறந்தபோது சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியைப் பிரிவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அம்மா அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அதில் சாயம் காய்ந்துபோயிருந்தது.

"காலேஜு வாசல்ல ஒங்க அப்பாவுக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்களாம்டி," என்றாள் அம்மா. வீட்டில் பேசுகிற கன்னடத்தில்தான் சொன்னாள். அந்த வீட்டில் தமிழ் வாசல்படிக்கு வெளியேதான். "அங்க போயிட்டு வந்தாலே சிரிப்பாரு. 'எனக்கு அங்க ஒரு பேரு இருக்கு'ம்பாரு. என்ன பேருன்னு மட்டும் சொல்ல மாட்டாரு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

சன்னலுக்கு வெளியே சீமைக் கருவையாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்குகிற வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் மூன்றாவது கவுண்டர். அங்கே வேலை ஒன்றுதான். இறந்தவர் தன் வாகனத்தோடு நிற்கிற புகைப்படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அரை நிமிடம். ஆனால் அந்தக் கவுண்டரில் அஷ்வினி இருந்தாள். மல்லாங்கிணற்றுப் பெண். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு, ஒரே ஆய்வுக்கூட மேசை. தேர்வு எழுதி வேலைக்கு வந்திருந்தாள். தெரிந்த முகம் அலுவலகத்தில் இருந்தால் மற்றவர்கள் குலதெய்வத்துக்குக் கும்பிடு போடுவார்கள். தேவிபிரியா மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

டோக்கனை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டாள். 'அழைத்தபோதெல்லாம் விண்ணப்பதாரர் தண்ணீர் அருந்திக்கொண்டிருந்தார்' என்று கோப்பில் எழுதப்பட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர் சோலை, எம்.ரெட்டியபட்டி சம்சாரி. செத்துப்போன அண்ணனின் டிராக்டருக்காக இரண்டாவது உழவுக்காலமாக வந்துபோய்க்கொண்டிருந்தார்.

"ஏந்தாயி, மூணாம் கவுண்டருல கடிநாய் எதுவும் கட்டியிருக்கா? அங்குட்டுக் கூப்பிட்டா இங்குட்டு ஓடுற?"

"இல்லண்ணே. தாகம்."

"நல்ல தாகம். சீட்டைக் கூப்பிட்டாத்தான் எடுக்கும் போல."

நூற்றுப் பத்தொன்பதாவது நாள் மைக்கில் மறுபடி எண் வந்ததும், அவள் எழுவதற்குள் சோலை அவள் பையைப் பிடித்துக்கொண்டார். "நூத்திப் பதினாறு இந்தா இருக்கும்மா! தண்ணி குடிக்க விட்டுறாதீக!"

அஷ்வினி கவுண்டருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் எழுந்தே வந்துவிட்டாள்.

"ஏய் தேவி! நீயாடி? மாஸ்க்கக் கழட்டு! பேரைப் பாத்து எந்தத் தேவிபிரியாவோன்னு இருந்துட்டேன். அப்பா தவறிட்டாகளாடி? ஒரு வார்த்தை சொல்லலையே நீ." அவள் கண் நிஜமாகவே கலங்கியது. "மூணு வருஷம் ஒண்ணாப் படிச்சோம், ஒங்க அப்பாவை ஒரு நாள்கூடப் பாத்ததில்ல பாரு."

கோப்பைப் பிரித்தாள். ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்த படம். சந்தனப் பொட்டு வைத்த மொபெட், சட்டத்தில் நீல நூல் மூட்டை, பக்கத்தில் நீல விரல்களோடு சென்னகேசவன்.

"இது நம்ம நூல்காரண்ணேல்ல?"

தேவிபிரியா கழற்றிய மாஸ்க்கை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நமக்குக் கொடுக்காப்புளி கொண்டாந்து குடுப்பாரே, அவருதான? இவரு படத்தை ஏன்டி ஒங்க அப்பா ஃபைலுல ஒட்டியிருக்க?"

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதுவும் சின்ன வாக்கியம். சுற்றிலும் நாற்பது நாற்காலி. சோலை வேறு அக்கறையாகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"மாறிருச்சு போலடி," என்றாள் தேவிபிரியா.

"அதான பாத்தேன். பரவால்ல, பதறாத. மாறிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேற படம் கொண்டாந்து வை. சூப்பரெண்டெண்ட் சார் எல்லாத்துக்கும் பேப்பர் கேப்பாரு."

எழுதச் சொன்னால் அவள் எழுதிவிடுவாள். எழுதினாள். 'கோப்பில் உள்ள படம் என் தந்தையுடையது அல்ல.' கையெழுத்துப் போட்டாள். அது ஒன்றுதான் அந்தக் கோப்பில் ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்கப்பட்ட காகிதம்.

கண்காணிப்பாளர் ஆண்டிச்சாமி அந்தக் கோப்பைப் படித்தார். படத்தில் இருப்பவர் நூல்காரர் என்று அஷ்வினி ஓரத்தில் குறித்திருந்ததையும் படித்தார். பிரிவில் கோப்பைக் கடைசிவரை படிக்கிறவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் எந்தக் கோப்பும் அவரைத் தாண்டிப் போனதில்லை. ஓட்டுநர் உரிமத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். நூல்காரர். ஆதார் அட்டை. நூல்காரர். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் இடத்திலும் நூல்காரர். ஆண்டிச்சாமி எழுந்து நின்று மின்விசிறியை நிறுத்தினார். பிரிவு தொடங்கி மூன்று வருடத்தில் முதல் மோசடி கிடைத்திருந்தது.

நூற்று முப்பதாவது நாள் பதிவுத் தபால் வந்தது. பெறுநர்: சென்னகேசவன். அவர் இல்லாததால் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத்தான் கூட்டிப் படிப்பாள். தறிக் குழிக்குள் கால் தொங்க உட்கார்ந்து படித்தாள்.

'திரு. சென்னகேசவன் அவர்களுக்கு. தங்கள் மறைவு குறித்து இப்பிரிவுக்கு ஐயம் எழுந்துள்ளது. இதுவரை தாங்கள் என்று கருதப்பட்டு இறந்த நபர் ஒரு நூல்காரர் எனத் தெரியவருகிறது. எனவே தாங்கள் வரும் பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்கு நேரில் வரவும். அசல் அடையாள அட்டையுடன் வரவும். வரத் தவறினால், தாங்கள் உயிருடன் இருப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும்.'

"ஒங்க அப்பாவைக் கூப்பிட்டிருக்காங்கடி," என்றாள் அம்மா.

தேவிபிரியா காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"யாருடி அது, நூல்காரரு?"

"ஆபீஸுல ஏதோ குழப்பம்மா."

சாயங்காலம் அம்மா பெட்டியைத் திறந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையை உதறி மடித்து மேலே வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "கவர்மெண்ட்டு சும்மாவா கூப்பிடும்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பதினேழாம் தேதி நூற்று நாற்பத்தெட்டாவது நாள். விசாரணைக்காக நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாரிசுகளுக்கு அன்றைக்குத் தங்கள் வேலை நடக்காதது வருத்தமாகத் தெரியவில்லை. எப்போதும் நடக்காததுதான், இன்றைக்கு வேடிக்கையாவது இருந்தது. சோலை முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார். ஆண்டிச்சாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பொதுமக்கள் ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். ஒங்களைக் கோர்ட்டுக்கு அலைய விடக் கூடாதுன்னுதான் இந்த எளிய முறையைக் கொண்டுவந்தோம். கோர்ட்டுல என்ன செய்வாங்க? ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிருவாங்க. அத்தோட ஒங்களுக்கும் அவங்களுக்கும் தொடர்பே அத்துப்போகும். நாங்க அப்படிக் கிடையாது. மூணு வருஷத்துல ஒரு குடும்பத்தைக்கூட நாங்க கைவிட்டதில்ல."

"ஆமாய்யா. என்னையும் இன்னும் விடல," என்றார் சோலை.

"இது வரைக்கும் எத்தனை வண்டிங்க மாத்தியிருக்கீக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தரமா நடக்கிற வேலைக்கு எண்ணிக்கை பாக்கக் கூடாது. இறந்தவங்களை இந்தப் பிரிவு மதிக்குது. சந்தேகம் எல்லாம் உயிரோட வர்றவங்க மேலதான்." அவர் தொண்டையைச் செருமினார். "சென்னகேசவன்!"

சோலை முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

"சென்னகேசவன்! சென்னகேசவன்!"

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் மட்டும் இருந்தது. 'வரவில்லை' என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஆண்டிச்சாமி படத்தைத் தூக்கிக் காட்டினார். "அஷ்வினி மேடம், இவரு யாரு?"

அஷ்வினி தயங்கி எழுந்தாள். "நூல்காரண்ணே, சார். தேவி வீட்டுக்கு நூல் போடுறவரு. அவுக வீட்டுலருந்து சாப்பாடு குடுத்துவிட்டா காலேஜு கேட்டுல கொண்டாந்து தருவாரு. நல்ல மனுசன் சார். தேவிகிட்ட அவ்வளவு மரியாதையாப் பேசுவாரு. 'பாப்பா, ஒங்க வீட்டுல குடுத்துவிட்டாங்கம்மா, வாங்கிக்கங்க'ன்னு."

"என்ன பாஷையில?" என்று கேட்டாள் அம்மா. வெளியாட்களிடம் பேசுகிற தமிழில் கேட்டாள்.

"தமிழ்லதாம்மா. வேற என்ன?"

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. தன் வாழ்நாளில் சென்னகேசவன் மகளிடம் தமிழில் பேசி அவள் கேட்டதில்லை. ஒருவேளை அப்போதே அவளுக்குப் பாதி விளங்கியிருக்கலாம். மகளைப் பார்க்காமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆக, ஆள்மாறாட்டம்," என்றார் ஆண்டிச்சாமி. "ஒரு நூல்காரன் ஒரு குடும்பத் தலைவரோட ஆதார், லைசென்ஸ், ரேஷன் கார்டு அத்தனையிலயும் தன் மூஞ்சியை வச்சிருக்கான். கடைசியில அவர் பேருல செத்தும் போயிருக்கான். என்ன துணிச்சல்!" பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "ஆனா நாங்க ஏழைகளுக்கு விரோதி இல்லம்மா. நாளான்னிக்கு நூத்தம்பதாம் நாளு. வண்டி இரும்பாகிரும். அதனால ஒரு வழி வச்சிருக்கேன். இந்த ஆளு யாருன்னே எங்களுக்குத் தெரியாது, இவன் எங்க குடும்பத்து ஆளு இல்லைன்னு அம்மாவும் மகளும் கையெழுத்துப் போடுங்க. பொண்ணு ஏற்கனவே ஒரு கையெழுத்துப் போட்டிருச்சு. அம்மாவோடது மட்டும்தான் பாக்கி. நூல்காரன் மேல கேஸு. வண்டி இந்த நிமிஷமே பொண்ணு பேருக்கு. பிரிவுல முதல் மாற்றம் ஒங்களோடதாவே இருக்கட்டும்."

காளீஸ்வரன் புது ஆர்.சி.யைத் தயாராகவே கையில் வைத்திருந்தார். அதில் தேவிபிரியா என்று அச்சாகியிருந்தது. கிட்டங்கியில் யாரோ கைதட்டினார்கள். "போடு தாயி, அவன் யாரோ எவனோ," என்றார் சோலை. "வண்டி வீட்டுக்கு வரட்டும்."

அம்மா கையில் பேனாவைக் கொடுத்தார்கள். காகிதத்தின் மேலே படம் ஒட்டியிருந்தது. அம்மா கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பார்க்கவில்லை, படத்தில் அந்த நீல விரல்களைப் பார்த்தாள். பேனாவை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. பிறகு கன்னடத்தில், மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இதுதான் அந்தப் பேராடி?"

தேவிபிரியா எழுந்தாள். பேச வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மேசையில் வேறு பேனா இல்லை. மைக் இருந்தது. ஆண்டிச்சாமி, நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அதை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

மைக் ஒரு தடவை கீச்சிட்டது. தொண்டை அடைத்தது. அவள் அடைத்த தொண்டையோடேயே பேசினாள்.

"அந்த நூல்காரருதான் எங்க அப்பா," என்றாள். "மொத நாள் காலேஜு வாசல்ல சாப்பாட்டோட வந்து நின்னாக. கையெல்லாம் சாயம். வண்டியில மூட்டை. யாருடி அதுன்னு அஷ்வினி கேட்டா. நூல்காரருன்னு நான்தான் சொன்னேன். அவுக பக்கத்துலயேதான் நின்னாக. அவுகளுக்கும் கேட்டுச்சு."